ஏமோ

பொன்பாடி தாண்டி நகரி போகும் சாலையில்
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
ஆனி முழுக்க மாங்காய் லாரி.
பாரத்தில் வெறும் வண்டியைக் கழித்து
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் முடிந்தது.
கிழிக்காத சீட்டின் பின்பக்கம் என்னுடையது.

கஜபதி விசைத்தறி மெக்கானிக்.
ஏகாம்பரகுப்பத்தில் எந்தத் தறி இருமினாலும்
அவனுக்குத்தான் ஃபோன் வரும்.
தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.
நான் தெலுங்கு படிப்பேன், பஸ் போர்டு அளவுக்கு.
பாட்டு நாடகம் மூன்று போட்டிருக்கிறோம்.
மெட்டு முதலா சொல் முதலா என்று கேட்பார்கள்.
கரண்ட், என்பான்.

மூன்றாவது நாடகத்தில்
ஒருத்தி புத்தூர் பஸ் ஏறப் போகிறாள்.
திரும்பி வருவாயா என்று அவன் கேட்கிறான்.
அவள் பதில்தான் பல்லவி.
இரண்டு கட்டை செத்துப்போன கீபோர்டில்
மெட்டை வாசித்துக்கொண்டே கஜபதி
சும்மா இடத்தை நிரப்பப் பாடினான்:
ஏமோ... ஏமோ...

தெலுங்கில் அது ஒன்றும் பெரிய சொல் இல்லை.
மழை வருமா, ஏமோ.
சம்பளம் போடுவானா, ஏமோ.
தோளைத் தூக்கினால் அதே அர்த்தம்.

அசை பிரித்தேன். நேர் நேர். தேமா.
வெளியே பதினாறு டன் தேமா
தார்ப்பாய்க்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.
ஒரு தேமா கிடைக்காதா எனக்கு?

ஏனோ, என்றேன்.
னகரத்தில் நாக்கு மேலே போய் முட்டுது,
மகரத்தில் உதடு மூடித் திறக்குது,
அந்த மூடல்தான் என் தாளம், என்றான்.
ஆமோ, என்றேன்.
அது பதில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி, என்றான்.
தமிழ் படிக்கத் தெரியாதவன் சொன்னான் இதை.
பதினோரு சீட்டு. பதினொன்றும் போச்சு.
பாக்யவதி வந்து ஒத்திகையில் பாடினாள்,
ஏமோ என்றே.
உதடு மூடியபோது
ஹார்டுவேர் கடை மாடியில் யாரும் அசையவில்லை.

திருத்தணியில் அதைத் தமிழ் என்று நினைத்தார்கள்.
சோளிங்கரில் ஒருவர் வந்து
என்ன ஒரு சொல்லாட்சி என்று
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
நான் குலுக்க விட்டேன்.
கஜபதி ஒயரைச் சுருட்டிக்கொண்டே பார்த்தான்.

அடுத்த வாரம் கணக்கோடு வந்தான்.
பாட்டில் ஏமோ பத்தொன்பது தரம்.
நோட்டீஸில் உன் பேர் மேலே, என் பேர் கீழே.
சொல் என்னுது, கூலியில் பங்கு எடு.
எடுக்கிறேன், என்றேன்.
ஆனால் சரணத்தில் மூன்றாம் வரிக்குப் பின்னால்
நீ நிறுத்துகிறாயே, எல்லாரும் மூச்சைப் பிடிக்கிறார்களே,
அது நான் சொல் கிடைக்காமல் விட்ட இடம்.
அந்த இடைவெளி என்னுது.
மெட்டிலிருந்து அதைக் கழற்றிக் கொடு.

சிரித்திருக்க வேண்டும் இருவரும்.
சிரிக்கவில்லை.
பாக்யவதிதான் டீ கிளாஸ்களைப் பொறுக்கினாள்.

எட்டு மாதம்.
இடையில் அவன் வேறு ஒருவனை வைத்து
சித்தூரில் ஒன்று போட்டதாகச் சொன்னார்கள்.
போய்ப் பார்த்தேன், கடைசி வரிசையில்.
சொற்கள் சுத்தம். ஒன்றுகூட இடிக்கவில்லை.
நடுவில் ஒரு சண்டை நடந்த தடயமே இல்லை.
பாதியில் எழுந்து வந்து
நகரி மலையின் மூக்கு தெரியும்வரை
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்,
உட்கார இடம் இருந்தும்.

இன்று ராத்திரி இரண்டே கால்.
வாட்ஸ்அப்பில் ஒரு குரல்.
வணக்கம் இல்லை, பேர் சொல்லவில்லை.
நாற்பது நொடி, தானன தன்னானா மட்டும்.
ஏமோ இல்லை, தெலுங்கே இல்லை.
பின்னால் தறி ஓடுகிறது,
இரண்டு தறி, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல்.
இருபத்தெட்டாவது நொடியில் ஏதோ விடுகிறான்.
வேண்டுமென்றா, இருமலா, தெரியவில்லை.

மேடையில் லாரி ஏறி நிற்கிறது.
எண்கள் இன்னும் நிலைக்கவில்லை.
எந்த ஒச்சிந்தி, என்று கத்துகிறான் டிரைவர்.
ஜன்னலைத் தட்டுகிறேன்:
யோவ், இஞ்சினைக் கொஞ்சம் அணை.